செல் அரித்த ஏடு, செல்லில் தொலைந்த படம்: 1995-ல் பிறந்தவர்களின் 'காணாமல்போன பத்து ஆண்டுகள்'

1995-ஆம் ஆண்டு, இரண்டே வார இடைவெளியில் இந்தியாவில் இரண்டு தொடக்கங்கள் நடந்தன. ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து, டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். நாட்டின் முதல் செல்பேசி அழைப்பு அது. ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது.

அந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் இப்போது 30 வயதைத் தாண்டிவிட்டார்கள். இணையத்தோடு கூடவே பிறந்து, அதோடு சேர்ந்தே வளர்ந்த முதல் தலைமுறை இவர்கள்தான்.

இவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: உங்கள் முதல் பிறந்தநாள் புகைப்படம் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்கும். அம்மாவின் பீரோவில், பிளாஸ்டிக் உறை போட்ட ஆல்பத்தில்.

இரண்டு: போன மாதம் சாப்பிட்ட பிரியாணியின் படம் இருக்கிறதா? கண்டிப்பாக இருக்கும். அதுவும் நாலு கோணத்தில்.

மூன்று: பத்தாம் வகுப்பு கடைசி நாளில் நண்பர்களோடு எடுத்த படம்?

இந்தக் கேள்விக்குத்தான் பலரும் கொஞ்சம் யோசிக்கிறார்கள். "பழைய ஃபோன்ல இருந்துச்சு", "மெமரி கார்டு கரப்ட் ஆயிடுச்சு", "ஆர்குட்ல போட்டிருந்தேன்". பதில்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன.

குழந்தைப் பருவம் காகிதத்தில் இருக்கிறது. இன்றைய வாழ்க்கை கிளவுடில் இருக்கிறது. நடுவில் சுமார் பத்து ஆண்டுகள், அதாவது தோராயமாக 2005 முதல் 2015 வரை, பலருக்கும் ஒரு பெரிய பள்ளம். அந்தப் பள்ளம் எப்படி விழுந்தது? இனியும் விழாமல் இருக்க என்ன செய்யலாம்?

பெருநகரத்தை விடுங்கள், சேத்தியாத்தோப்பைப் பார்ப்போம்

இணைய வரலாறு என்றாலே சென்னை, பெங்களூரு என்று தொடங்குவது வழக்கம். ஒரு மாற்றத்துக்கு கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பை எடுத்துக்கொள்வோம். வெள்ளாற்றின் குறுக்கே அணைக்கட்டு, பக்கத்தில் வீராணம் ஏரி, கூட்டுறவு சர்க்கரை ஆலை, சுற்றிலும் நெல்லும் கரும்பும். சிதம்பரத்துக்குப் போக புவனகிரி வழியாக பஸ். தமிழ்நாட்டின் நூற்றுக்கணக்கான பேரூராட்சிகளில் ஒன்று.

இங்கே 1995-ல் பிறந்து, அரசுப் பள்ளியில் படித்த ஒரு பிள்ளையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிய கதை அல்ல இது. இந்த வயதுக்காரர்கள் பலருக்கும் பொருந்தும் காலக்கோடு.

1995-ல் வந்த இணையம் இந்தப் பிள்ளையின் வீட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சேவை முதலில் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா போன்ற பெருநகரங்களுக்குத்தான். டெலிபோன் லைன் வழியாக டயல்-அப் இணைப்பு. வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட். இன்றைய ஃபோனில் எடுக்கும் 3 எம்பி படம் ஒன்றை அந்த வேகத்தில் இறக்கினால் 40 நிமிடத்துக்கு மேல் ஆகும். நடுவில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

2004-ல் புதிய வீராணம் திட்டத்தில் இந்தப் பகுதியின் தண்ணீர் குழாய் வழியாக 200 கிலோமீட்டருக்கு மேல் பயணித்து சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து இணையம் இங்குள்ள வீடுகளுக்குள் வர அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆனது.

பக்கத்து ஊரில் நடந்த அதிசயம்

ஆனால், இதே வட்டாரத்தில் உலகம் திரும்பிப் பார்த்த ஒரு முயற்சியும் நடந்தது. 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், புதுச்சேரி கிராமங்களில் 'தகவல் கிராமம்' திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் மையம். அங்கிருந்து வயர்லெஸ் மூலம் கிராமங்களுக்குத் தகவல் போகும். எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே கம்ப்யூட்டர் மையம் இயங்கியது.

மீனவ கிராமமான வீராம்பட்டினத்தில் இது வேறு மாதிரி வேலை செய்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயரக் கணிப்பை இறக்கி, தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று கேட்டுவிட்டு மீனவர்கள் முடிவு எடுப்பார்கள்.

2004 டிசம்பர் 26. சுனாமி. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் உள்ள நல்லவாடு கிராமத்துக்கு, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து எச்சரிக்கை ஃபோன் வந்தது. மக்கள் தகவல் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் காலி ஆனது. மக்கள் தப்பினார்கள்.

கவனியுங்கள். அப்போது அந்த ஊரில் யார் கையிலும் ஸ்மார்ட்ஃபோன் கிடையாது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஒலிபெருக்கி, ஒரு ஃபோன். மொத்த ஊருக்கும் அதுதான் இணையம். 'எனக்கு ஒரு ஃபோன், எனக்கு ஒரு ஃபீட்' என்ற காலம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

'இன்பாக்ஸ் ஃபுல்' காலம் (2003–2010)

2003 மே 1 முதல் செல்பேசியில் இன்கமிங் இலவசம் ஆனது. அதுவரை அழைப்பை எடுத்தாலே காசு. அதே ஆண்டு நோக்கியா 1100 வந்தது. தலையில் டார்ச் லைட், கையிலிருந்து விழுந்தாலும் உடையாத உடம்பு. உலக அளவில் 25 கோடிக்கும் அதிகமாக விற்ற ஃபோன் அது. எட்டு வயதில் நம் சேத்தியாத்தோப்புப் பிள்ளை முதன்முதலில் தொட்ட 'டிஜிட்டல் கருவி' அநேகமாக அப்பாவின் இந்த ஃபோன்தான். முதலில் தெரிந்த ஆப், பாம்பு கேம்.

இந்தக் காலத்தில்தான் முதல் இழப்பு தொடங்கியது. பலரும் அதை இழப்பு என்றே நினைக்கவில்லை.

அந்த ஃபோன்களில் சில டஜன் எஸ்எம்எஸ்தான் சேமிக்க முடியும். பெட்டி நிரம்பிவிட்டால் புது மெசேஜ் உள்ளே வராது. அப்போ எதை அழிப்பது? ஃபார்வர்டு கவிதையையா, அக்கா அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தையா, நண்பன் சண்டை போட்டு சமாதானம் ஆன மெசேஜையா? ஒவ்வொரு வாரமும் உட்கார்ந்து தேர்வு செய்ய வேண்டும். கடிதத்தைக் கட்டிக் கொடியில் தொங்கவிட்ட தாத்தாவுக்கு இந்தப் பிரச்சினை இருந்ததில்லை.

கேமரா ஃபோன் வந்தபோது அதன் தரம் 0.3 மெகாபிக்சல். அதாவது 640-க்கு 480 புள்ளிகள். அந்தப் படத்தை பக்கத்து ஃபோனுக்கு அனுப்ப ப்ளூடூத், அதற்கு முன்னால் இரண்டு ஃபோனையும் தலைக்குத் தலை ஒட்டி வைக்கும் இன்ஃப்ராரெட். பிரிண்ட் போட யாருக்கும் தோன்றவில்லை. 'ஃபோன்லயே இருக்கே!'

இணையம் என்றால் பிரவுசிங் சென்டர். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ரூபாய் என்று நோட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டு உட்கார வேண்டும். பொதுத்தேர்வு ரிசல்ட் நாளில் வாசல்வரை கூட்டம். யாஹூ மெசஞ்சர், அப்புறம் ஆர்குட். 2004 ஜனவரியில் தொடங்கிய ஆர்குட், இந்தியாவிலும் பிரேசிலிலும்தான் கொடிகட்டிப் பறந்தது. ஒருவர் இன்னொருவருக்கு எழுதும் 'டெஸ்டிமோனியல்'தான் அந்தக் காலத்து ஸ்லாம் புக்.

லேப்டாப் வந்தது, கரன்ட் போனது (2011–2015)

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. 1995-ல் பிறந்தவர்கள் அப்போது பிளஸ் டூ. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படித்த லட்சக்கணக்கானவர்களுக்கு வீட்டின் முதல் கம்ப்யூட்டர் இதுதான். அதில் விண்டோஸோடு சேர்த்து 'பாஸ் லினக்ஸ்' என்ற இந்திய இயங்குதளமும் இருந்தது.

ஆனால், கடலூர் மாவட்டத்துக்கு அந்த ஆண்டு வேறு மாதிரி முடிந்தது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து, பல ஊர்கள் நாள்கணக்கில், வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. செல்பேசி சார்ஜ் போடவே ஜெனரேட்டர் இருக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டிய நிலை. அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்க மின்வெட்டு. லேப்டாப் இருக்கும், கரன்ட் இருக்காது.

இன்ஜினீயரிங் கவுன்சிலிங்குக்கு அப்பாவும் பிள்ளையும் பஸ் ஏறி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போக வேண்டும். அது முழுக்க ஆன்லைனுக்கு மாறியது 2018-ல்தான்.

இந்த ஆண்டுகளின் படங்கள் எங்கே போயின? லேப்டாப் ஹார்டு டிஸ்கில், பென் டிரைவில், நண்பன் எரித்துக் கொடுத்த சிடியில், 2 ஜிபி மெமரி கார்டில். புயலில் விழுந்த மரத்தை எடுத்த படமும் அங்கேதான், காலேஜ் முதல் நாள் படமும் அங்கேதான்.

2016: எல்லாம் மாறிய ஆண்டு

2015 மே மாதம் கூகுள் போட்டோஸ் வந்தது. குறிப்பிட்ட தரத்தில் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசமாகப் போடலாம் என்றது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியது. அதற்கு முன் 1 ஜிபி டேட்டாவுக்கு 250 ரூபாய் வரை கொடுத்து, அதை ஒரு மாதம் பொத்திப் பொத்திச் செலவு செய்தவர்களுக்கு, தினமும் ஒரு ஜிபி, அதற்கு மேலும் கிடைத்தது. நவம்பர் 8-ல் பணமதிப்பு நீக்கம். கையில் காசு இல்லாத நாளில் யுபிஐ, வாலட் எல்லாம் சின்ன ஊர்க் கடைகளுக்கும் அறிமுகமானது.

அன்றிலிருந்து நாம் எடுக்கும் படம் கேட்காமலேயே எங்கோ ஒரு சர்வருக்குப் போய்விடுகிறது. பள்ளம் முடியும் இடம் இது.

சரி, நடுப் பத்தாண்டு மட்டும் ஏன் காணாமல் போனது?

நான்கு காரணங்கள்.

1. பொருள் கெட்டுப்போகும்: வீட்டில் எழுதிய சிடியில் தகவல் பதிவது ஒரு சாயப் படலத்தில். வெயில், ஈரப்பதம் பட்டால் அது மங்கும். கடலோர மாவட்டத்தில் கேட்கவே வேண்டாம். பென் டிரைவும் மெமரி கார்டும் மின்னூட்டமாகத் தகவலை வைத்திருப்பவை. ஆண்டுக்கணக்கில் எதிலும் செருகாமல் கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். டிராயரில் பத்திரமாக வைத்தாலும் அது 'பத்திரம்' இல்லை.

2. நிறுவனம் மூடப்படும்: யாஹூவின் ஜியோசிட்டீஸ் 2009-ல் மூடப்பட்டது. ஆர்குட் 2014 செப்டம்பர் 30-ல். யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையில். மைஸ்பேஸ் தளம் 2015-க்கு முன் பதிவேற்றப்பட்ட கோடிக்கணக்கான பாடல்கள் சர்வர் மாற்றத்தில் தொலைந்துவிட்டதாக 2019-ல் சொன்னது. 2020 ஜூன் 29-ல் டிக்டாக் தடை வந்தபோது, சின்ன ஊர்களில் இருந்து ஆடிப் பாடி நடித்து லட்சக்கணக்கில் ரசிகர்களைச் சேர்த்தவர்களின் கணக்குகளும் ஒரே இரவில் எட்டாமல் போயின. அங்கே நாம் குடியிருந்தது வாடகை வீடு. வாடகை வாங்கவில்லை என்பதால் சொந்த வீடு என்று நினைத்துவிட்டோம்.

3. எழுத்தே புரியாமல் போகும்: இது தமிழுக்கே உரிய தலைவலி. யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பிடித்துவிட்டது. ஆனால், நடைமுறையில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆளுக்கொரு எழுத்துரு. ஒருவர் பாமினி, இன்னொருவர் திஸ்கி, அரசு அலுவலகத்தில் வானவில், ஒவ்வொரு பத்திரிகைக்கும் தனி ஃபாண்ட். பாமினியில் 'தமிழ்' என்று எழுதிய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் தெரியும். கோப்பு நன்றாக இருக்கும், படிக்கத்தான் முடியாது.

ஃபோனிலும் இதே கதைதான். ஆரம்பகால ஸ்மார்ட்ஃபோன்களில் தமிழ் என்றால் வரிசையாகக் கட்டங்கள். ஓபரா மினியின் மறைவான செட்டிங்கில் ஓர் ஆப்ஷனை மாற்றி, தமிழ்ப் பக்கத்தைப் படமாக வரவழைத்துப் படித்த தலைமுறை இது. 2005-ல் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் செல்லினத்தை வெளியிட்டு, செல்பேசியில் தமிழில் எழுத வழி செய்தார். யூனிகோடை தமிழ்நாடு அரசு தர நிர்ணயமாக ஏற்றது 2010-ல். அதுவரை எழுதிய காதல் கவிதையும், கல்லூரி ஆண்டு மலரும், கோயில் கும்பாபிஷேக மலரும் பழைய எழுத்துருவில் சிக்கிக் கிடக்கின்றன.

4. சாவி தொலையும்: பழைய மெயில் ஐடி இருக்கும், பாஸ்வேர்டு மறந்திருக்கும். மீட்க ஓடிபி போகும் நம்பரோ, ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய சிம். துண்டிக்கப்பட்ட எண்ணை நிறுவனங்கள் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். உங்கள் ஆர்குட் காலத்து மெயிலின் சாவி இப்போது முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் பாக்கெட்டில் இருக்கலாம்.

இது நமக்கு மட்டும்தானா?

இல்லை. இணையத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃப், 2015-லேயே 'டிஜிட்டல் இருண்ட காலம்' வரப்போகிறது என்று எச்சரித்தார். முக்கியமான படமா, பிரிண்ட் போட்டு வையுங்கள் என்றார். சொன்னவர் அப்போது கூகுளின் துணைத் தலைவர்! அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளில் இல்லாமல் போயிருந்தன.

ஒரு பழைய பூட்டிய அறை

சேத்தியாத்தோப்பிலிருந்து புவனகிரி பஸ்ஸில் போனால் வரும் சிதம்பரத்துக்கும் இந்த விஷயத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு.

சோழ மன்னன் ராஜராஜன் காலத்தில் தேவாரப் பதிகங்கள் எங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியவில்லையாம். நம்பியாண்டார் நம்பியின் வழிகாட்டலில், சிதம்பரம் கோயிலில் பூட்டிய ஓர் அறையில் ஏடுகள் இருப்பது தெரிய வந்தது. பாடிய மூவரும் வந்தால்தான் அறையைத் திறப்போம் என்று சொல்லப்பட, மூவரின் திருவுருவங்களையே மன்னன் ஊர்வலமாகக் கொண்டுவந்தான். கதவு திறந்தது. உள்ளே ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்தது. செல் அரித்தது போக மிஞ்சியவைதான் இன்று நாம் பாடும் தேவாரம். சைவ மரபு சொல்லும் கதை இது.

இந்தக் கதையில் இரண்டு பாடம் இருக்கிறது. பூட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது. எடுத்துப் பார்த்து, புதிதாகப் படியெடுத்து, பலரிடம் கொடுத்தால்தான் எதுவும் நிலைக்கும். இன்னொன்று, பாடியவரே வந்து திறக்க வேண்டும் என்றால், அவர் இல்லாத நாளில் என்ன செய்வது? பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் இறந்துபோனால் அந்த வீட்டின் நிலை இன்று அதேதான்.

தமிழர்கள் இதை வேறு விதமாகவும் பட்டிருக்கிறோம். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97 ஆயிரத்துக்கும் அதிகமான நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 2005-ல் தொடங்கிய 'நூலகம்' என்ற டிஜிட்டல் காப்பகம், கிடைத்ததை எல்லாம் வருடி இணையத்தில் சேர்க்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். ஆக, சங்க இலக்கியம் பத்திரமாக இருக்கிறது. 2009-ல் சேத்தியாத்தோப்பில் நடந்த பள்ளி ஆண்டு விழாவைத்தான் யாரும் பத்திரப்படுத்தவில்லை.

போனால் போகட்டுமே, அதனால் என்ன?

சரியான கேள்விதான். எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பதினாறு வயதில் போட்ட ஸ்டேட்டஸ் தொலைந்தது நல்லது என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. மறக்கப்படுவதும் ஒரு வசதி.

ஆனால், தொலைவது நம் அசட்டுத்தனம் மட்டும் இல்லை. கரும்பு வெட்டியும் நடவு நட்டும் படிக்கவைத்த குடும்பங்களில் முதல் பட்டதாரிகள் உருவான ஆண்டுகள் அவை. வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த நாள், தானே புயலுக்கு முந்தைய தோப்பு, இன்று உயிரோடு இல்லாத அப்பாவின் சிரிப்பு, எல்லாம் அந்த 0.3 மெகாபிக்சலில்தான் இருந்தன. பணக்கார வீடுகளில் ஹேண்டிகேம் டேப்பும் பேக்கப் டிஸ்கும் இருந்தன. ஒரே ஒரு மெமரி கார்டை நம்பிய வீடுகளுக்கு அது போனால் எல்லாம் போனது. இந்தப் பள்ளம் எல்லோருக்கும் ஒரே ஆழம் கிடையாது.

ஆவணங்களுக்கும் இதே நிலைதான். 2015 வெள்ளத்தில் கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் மார்க் ஷீட், பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் நனைந்தும் அடித்துக்கொண்டும் போயின. நகல் சான்றிதழ் கொடுக்க அரசு சிறப்பு முகாம் நடத்த வேண்டி வந்தது. காகிதத்தைத் தண்ணீர் அழிக்கும், மெமரி கார்டைக் காலம் அழிக்கும். ஒன்றை மட்டும் நம்பினால் எதுவுமே பாதுகாப்பு இல்லை.

இப்போ எல்லாம் கிளவுடில் இருக்கே, இனி பயமில்லையா?

அவசரப்பட வேண்டாம்.

கூகுள் போட்டோஸின் அளவில்லா இலவச சேமிப்பு 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது மெயில், டிரைவ், படம் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். ஆண்ட்ராய்டில் எடுக்கும் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024 முதல் அந்த 15 ஜிபியில்தான் சேர்கிறது.

இன்னொரு முக்கியமான விதி: இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை, 2023 டிசம்பர் முதல் கூகுள் நீக்கலாம். கணக்கு போனால் அதில் உள்ள மெயிலும் படமும் சேர்ந்தே போகும். காலேஜில் தொடங்கி, வேலைக்குப் போனதும் மறந்துபோன அந்த இரண்டாவது மெயில் ஐடி? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்யக்கூடியவை

- பழைய கருவிகளைத் தேடுங்கள்: டிராயரில் கிடக்கும் மெமரி கார்டு, சிடி, பழைய ஃபோன், பள்ளி லேப்டாப். திறக்கும்போதே எல்லாவற்றையும் புது ஹார்டு டிஸ்கில் நகலெடுங்கள். மெமரி கார்டு 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மீட்க வாய்ப்பிருக்கும் ஃபைல்களும் அதில் போய்விடும்.

- பழைய மெயிலில் ஒருமுறை நுழையுங்கள்: மீட்பு எண், மீட்பு மெயில் இரண்டையும் இன்றைய எண்ணுக்கு மாற்றுங்கள். சிம்மைக் கைவிடும் முன், அது எந்தெந்த வங்கி, யுபிஐ, மெயில் கணக்கில் இருக்கிறது என்று பார்த்து முதலில் அங்கே மாற்றுங்கள்.

- மொத்தமாக இறக்குங்கள்: 'கூகுள் டேக்அவுட்' மூலம் உங்கள் படம், மெயில் அனைத்தையும் ஒரே மூட்டையாகப் பெறலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமிலும் 'உங்கள் தகவலைப் பதிவிறக்கு' வசதி உண்டு. வாட்ஸ்அப்பில் முக்கியமான ஒரு உரையாடலை மட்டும் 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்து வெளியே எடுக்கலாம். பாட்டியின் வாய்ஸ் மெசேஜ் இருந்தால் முதலில் அதை எடுங்கள்.

- 3-2-1 விதி: மூன்று நகல், இரண்டு வகைக் கருவி, அதில் ஒன்று வேறு இடத்தில். ஃபோனில் ஒன்று, ஹார்டு டிஸ்கில் ஒன்று, கிளவுடிலோ அக்கா வீட்டிலோ ஒன்று. வெள்ளம் இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் வருவது அரிது.

- பழைய எழுத்துருவை மாற்றுங்கள்: பாமினி, வானவில், திஸ்கி கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் இலவச எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை படித்துப் பிழை பாருங்கள்.

- சான்றிதழ்கள்: 2015-ல் வந்த டிஜிலாக்கரில் ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை அரசு அமைப்புகளிடமிருந்தே நேரடியாகப் பெற்று வைக்கலாம். அப்படிப் பெற்றவை அசலுக்குச் சமமாக ஏற்கப்படும். நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியவற்றுக்கு அந்த மதிப்பு இல்லை.

- வாரிசு ஒருவரைச் சொல்லுங்கள்: கூகுளில் 'செயல்படாத கணக்கு மேலாளர்', ஃபேஸ்புக்கிலும் ஆப்பிளிலும் 'லெகசி கான்டாக்ட்'. நமக்குப் பிறகு யார் திறக்கலாம் என்பதை இப்போதே குறிப்பிடலாம்.

- வருஷத்துக்கு 50 படம் பிரிண்ட் போடுங்கள்: பத்தாயிரம் படத்தில் ஐம்பதைத் தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டமான வேலை. பின்பக்கத்தில் யார், எங்கே, எப்போது என்று எழுதுங்கள். பெயர் இல்லாத படம் இருபது வருஷத்தில் யாருக்கும் சொந்தமில்லாத படமாகிவிடும்.

கடைசியாக ஒன்று. உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் 'நம்ம டென்த் படம் யார்கிட்டயாவது இருக்கா?' என்று இன்றைக்கே கேளுங்கள். நாற்பது பேர் படித்த வகுப்பில் யாரோ ஒருவரின் டிராயரில் ஒரு மெமரி கார்டு இருக்கலாம். அதை அவர் தூக்கிப்போடும் முன் கேட்பது நல்லது.